ஜெராய் உச்சிப் பூ

அம்மாசி கங்காணி வாடகை மோட்டாரை விட்டு இறங்கியபோது அவருடைய இரண்டு கைகளிலும் ஒவ்வொரு தகர டின் இருந்தது. ஒன்றில் நீலப் பூவோடு ஒரு சின்னச் செடி. மற்றதில் பூவே இல்லாமல், குட்டிக் குட்டிப் பானைகளாகக் குந்தியிருந்த ஒரு விநோதச் செடி. வியர்வையைத் துடைக்கக் கை இல்லாததால் அது அவருடைய மீசை நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சுங்கை பட்டாணியில் பாக்கார் ஆராங் பக்கம் இருந்த அந்தப் பலகை வீட்டு வாசலில் அவரை முதலில் பார்த்தவர் தேவதாசன். தபால் கந்தோரில் முத்திரை குத்தும் வேலை தேவதாசனுக்குச் சோறு போட்டது. ஆனால் துப்பறிவதுதான் தன் உண்மையான தொழில் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை அவரைத் தவிர வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயம் முடிந்ததும், சட்டைப் பையில் பூதக்கண்ணாடியோடு நேரே இங்கே வந்துவிடுவார்.

வீட்டுக்காரர் துரைசிங்கம் நில அளவைக் கந்தோரில் சர்வேயர். கெடா மாநிலத்தின் பாதிக் காட்டைச் சங்கிலி பிடித்து அளந்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. மனிதர் அதிர்ந்து பேசமாட்டார். வாயோரத்தில் எப்போதும் ஒரு யாழ்ப்பாணச் சுருட்டு இருக்கும். அதைப் பற்ற வைக்க மனைவி பாலாம்பிகை அனுமதித்ததில்லை. எல்லைத் தகராறு, காணாமற் போன மாடு, யார் வெட்டிய பலாமரம் என்பது போன்ற வழக்குகளெல்லாம் எப்படியோ அவரைத் தேடி வந்துகொண்டிருந்தன.

"சர்வேயர் ஐயா, நீங்கதான் காப்பாத்தணும்" என்றார் கங்காணி. "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இந்த ரெண்டு டின்ல எது உண்மை, எது புளுகுன்னு சொல்லணும். இல்லாட்டி என் தோட்டத்துல மண்டை உடையும். பெரிய சூசா லா ஐயா, தாங்க முடியாத தொல்லை."

"டின்னைக் கீழே வையும். முகத்தைத் துடையும். பிறகு விஷயத்தைக் கதையும்" என்றார் துரைசிங்கம்.

விஷயம் இதுதான். ஜெராய் மலை அடிவாரத்து லாலாங் ரப்பர் தோட்டத்தில் தகரக் கூரை போட்டு ஒரு முருகன் கோயில் கட்டியிருந்தார்கள். பீடோங் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த நடராஜா ஒரு நாள் அங்கே வந்து, முருகனுக்குக் குறிஞ்சிப்பூ சாத்தாத பூசை பூசையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் யாரும் குறிஞ்சிப்பூவைக் கண்ணால் கண்டதில்லை. நடராஜாவும் கண்டதில்லை. அதனால் அவர் சொன்னதை மறுத்துப் பேச ஆளில்லாமல் போயிற்று.

"மலைன்னா முருகன், முருகன்னா குறிஞ்சி. அப்ப ஜெராய் உச்சியில குறிஞ்சி இருந்துதானே ஆகணும்? எல்லாரும் தலையாட்டிட்டோம்" என்றார் கங்காணி. "பூ எப்படி இருக்கும்னு தெரியாது. அதனால உச்சியில எது பூத்திருக்கோ அதுதான் குறிஞ்சின்னு முடிவு பண்ணினோம். உச்சிக்கு ஏறிக் கொண்டு வர்ற ஆளுக்குப் பங்குனி உத்திரத்தன்னிக்குப் பரிவட்டம், முதல் மரியாதை. அதோட ஒரு வாக்கு. என் கையில இருக்கிறது எதைக் கேட்டாலும் கொடுக்கிறேன்னு சாமி முன்னாடி சூடத்தை அடிச்சு அணைச்சுட்டேன்."

"இண்டைக்கு உத்திரம்" என்றார் துரைசிங்கம்.

"அதான் ஐயா! நீலப்பூ நடராஜா கொண்டு வந்தது. பானைச் செடி நம்ம மாட்டுவண்டிக்காரன் காளிமுத்து கொண்டு வந்தது. ரெண்டு பேரும் நான்தான் உச்சிக்குப் போனேன்னு குதிக்கிறாங்க."

"வாக்கு கிடைச்சால் அவை என்ன கேக்கப் போகினம்?"

"ரெண்டு பேரும் ஒரே சாமானத்தான் கேக்கிறாங்க. முதல் லயத்து வரிசையில முனை வீடு. நடராஜாவுக்கு அங்க கிளைக் கடை போடணும். காளிமுத்துவுக்கு அடுத்த மாசம் கல்யாணம், தனி வீடு வேணும்."

"அந்த வீடு காலியாக் கிடக்குதோ?"

கங்காணி கூரையைப் பார்த்தார். "காலின்னுதான் சொல்லணும். மருதம்மாள்னு ஒரு பால்வெட்டுக்காரி இருக்கா. புருஷன் போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டான். நம்ம தோட்டத்துல கதவுல ஆம்பளை பேரைத்தான் எழுதுவோம். அந்தக் கதவுல செத்தவன் பேர்தான் இருக்கு. பேர் எழுதின ஆளே இல்லைன்னா வீடு காலின்னுதானே அர்த்தம்? அவளைப் பாலிங் பக்கம் வேற ஒரு தோட்டத்துக்கு அனுப்பிடலாம்."

"போக அவவுக்குச் சம்மதமோ?"

"அவளை யாருங்க கேட்டா?" என்றார் கங்காணி, கள்ளமில்லாமல்.

துரைசிங்கத்தின் சுருட்டு இடது வாயோரத்திலிருந்து வலது வாயோரத்துக்கு மாறியது. அவருக்குக் கோபம் வந்தால் வெளியே தெரிகிற ஒரே அடையாளம் அதுதான். தேவதாசன் அதைக் கவனிக்கவில்லை. அவர் ஏற்கெனவே தரையில் மண்டியிட்டு நீலப்பூவைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, வழக்கு முடிஞ்சுது! இது குறிஞ்சியேதான். நடராஜாதான் ஏறினவர்."

"நீர் குறிஞ்சி கண்டனீரோ?"

"இல்லை. ஆனால் நீலம் எண்டு படிச்சிருக்கிறன்."

"எங்கட வேலியிலே படருற சங்குப்பூவும் நீலம்தான்" என்றபடி துரைசிங்கம் குனிந்தார். நீலச் செடியின் வேரில் ஒட்டியிருந்த வெள்ளைக் கல் சில்லு ஒன்றை நகத்தால் பெயர்த்துக் கைக்குட்டையில் முடிந்தார். பிறகு பானைச் செடியின் வேரிலிருந்த கறுப்புச் சேற்றைத் தொட்டு மோந்து பார்த்தார். முகம் சுளித்தார். "நடராஜா எப்ப மலை ஏறினவர்?"

"வியாழக்கிழமைங்க. பாலிங்ல மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிட்டு வந்த கையோட ஏறிட்டாராம். பக்திமான் லா."

"பாலாம்பிகை!" என்று துரைசிங்கம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அந்த வினாகிரிப் போத்தலைக் கொஞ்சம் தாரும்."

"மாங்காய் ஊறுகாய்க்கு வாங்கி வைச்சது அது" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மனமில்லாமல் புளிக்காடிப் போத்தலும் வந்தது.

கூடவே துரைசிங்கம் ஒரு காரியம் செய்தார். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த காய்ந்த குடுக்கை ஒன்றைக் கழற்றி, அதற்குள் இருந்த கொண்டை ஊசிகளை மேசையில் கொட்டினார். விரல் நீளம், பழுப்பு நிறம், கழுத்தைச் சுற்றி வெள்ளை நூல் கட்டியது போல ஒரு வளையம். தேவதாசன் அதை நெடுநாளாகப் பார்த்திருக்கிறார். ஏதோ காட்டுச் சுரைக்காய் என்று எண்ணி விட்டுவிட்டார். துரைசிங்கம் அதைத் துவாய்த் துண்டில் சுற்றி அவரிடம் கொடுத்தார். "பத்திரம். ஒருத்தருக்கும் காட்டாதையும்."

"என்ட ஊசியெல்லாம்!" என்றது உள்ளேயிருந்து வந்த குரல். அதற்குள் மோட்டார் கிளம்பிவிட்டது.

லாலாங் தோட்டத்தில் இவர்கள் போய் இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. தோட்டத்துக்குப் பின்னால் ஜெராய் தன்னந்தனியாக நின்றது. தலையில் மட்டும் மேகம். கோயில் முன்னால் தோட்டமே கூடியிருந்தது. ஒரு பக்கம் கங்காணியின் மனைவி அழகம்மா பெரிய சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான பெண் ஒருத்தி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அவதான் மருதம்மாள்" என்று கங்காணி தாழ்ந்த குரலில் சொன்னார்.

தேவதாசன் அவளைத் தலை முதல் கால்வரை அளந்தார். இரண்டு முன்கைகளிலும் மெல்லிய கீறல்கள். "பூனை வளர்க்கிறா அண்ணை" என்று துரைசிங்கத்தின் காதில் சொன்னார். "அதுவும் பொல்லாத பூனை."

துரைசிங்கம் விசுப்பலகையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ. மலையிலே என்ன கண்டனீங்கள்?"

நடராஜா முன்னால் வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, நெற்றி நிறைய விபூதி. "என்னத்தச் சொல்றது! உச்சியில பாறை இடுக்கெல்லாம் நீலப்பூ. பார்த்ததும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. முருகா முருகான்னு ஒரு செடியை மட்டும் எடுத்துக்கிட்டு இறங்கிட்டேன்." அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. கடைக்காரர் அல்லவா, சரக்கை அளவோடுதான் எடுத்து வைத்தார்.

காளிமுத்துவுக்கு அந்தச் சிக்கனம் தெரியாது. "அண்ணே, சும்மா ஏறிடலாம்னு நினைக்காதீங்க! ஏற ஏற அட்டை ஜாஸ்தி. உச்சிக்குப் போனப்ப காலு ரெண்டும் ரத்தம். அங்க ஒரு மரம் இருக்கு பாருங்க, நாலு பேரு கைகோத்துக் கட்டிப் புடிக்கணும். வானமே தெரியாத நிழல்! அந்த நிழல்ல படுத்து ஒரு தூக்கம் போட்டேன். எந்திரிச்சுப் பார்த்தா, அந்த மரத்தடியில முருகன் குடுத்த மாதிரி இந்தப் பானைச் செடி!"

கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. அந்த அமைதியில், விளக்குமாறு இருந்த பக்கத்திலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. மருதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கத் தொடங்கினாள். நல்ல கதையை ரசிக்கத் தெரியாதவள் என்று தேவதாசன் அவளைப் பற்றி முடிவு கட்டினார்.

துரைசிங்கம் எழுந்து கோயிலுக்குள் எட்டிப் பார்த்தார். முருகனின் வேலில் ஒரு சிறு கொத்து செருகியிருந்தது. ஊசி போன்ற இலைகள், நடுநடுவே மிளகளவு வெள்ளைப் பூக்கள். ரப்பர் மரத்து வெட்டுவாயில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நூலாக இழுத்து அதைக் கட்டியிருந்தார்கள். அவர் ஓர் இலையைக் கிள்ளி விரலில் கசக்கி மோந்தார். மருந்து போல ஒரு மணம். சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருடைய முழங்கால்களுக்குத் திடீரென்று வயது குறைந்துவிட்டது போலிருந்தது.

"கங்காணியார், இது ஆர் வைச்சது?"

"காலையிலயே இருந்துச்சுங்க. பொம்பளைங்க யாராச்சும் வேலியோரத்துல பறிச்சுச் செருகியிருப்பாங்க."

"எந்த வேலியிலே இதைக் கண்டனீர்?"

கங்காணி யோசித்தார். எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு வேலி நினைவுக்கு வரவில்லை.

"சரி. எல்லாரும் கிட்ட வாங்கோ" என்று துரைசிங்கம் திரும்பவும் விசுப்பலகையில் உட்கார்ந்தார். தேவதாசன் துவாய் மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். என்ன நடக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எல்லாம் தெரிந்த முகம் ஒன்றை வைத்துக்கொள்வதில் அவர் தேர்ந்தவர்.

"மலை எண்டால் அது ஒரு மாடிவீடு" என்று ஆரம்பித்தார் துரைசிங்கம். "கீழ்த்தட்டிலே இருக்கிற குடித்தனம் மேல்தட்டுக்குப் போகாது, மேலே இருக்கிறது கீழே இறங்கிச் சீவிக்காது. அடியிலே பெரிய மரங்கள், பிரம்பு, ஈரம், அட்டை. அதுக்கு மேலே பாசி பிடிச்ச மரங்கள், குளிர். ஆக மேலே வேறை கதை. இந்த ஜெராய் கடலுக்குப் பக்கத்திலே தனிச்சு நிக்கிற மலை. வேறை பெரிய மலைகளிலே இன்னும் எவ்வளவோ ஏறினால்தான் காணுற செடியள் இஞ்ச சீக்கிரமே வந்திடும். நான் சங்கிலியும் கையுமா ஏறி அளந்த மலை இது. இப்ப முதல் டின்னுக்கு வருவம்."

கைக்குட்டையை அவிழ்த்து வெள்ளைச் சில்லை ஒரு கல்லில் வைத்து நுணுக்கினார். அதன்மேல் வினாகிரியைச் சொட்டவிட்டார். சில்லு பொசுபொசுவென்று நுரைத்தது. கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது.

"சாமி வருதா ஐயா?" என்றார் கங்காணி.

"சுண்ணாம்புக் கல்லு. புளிப்புப் பட்டால் நுரைக்கும். இப்ப ஜெராயிலேயிருந்து ஓடி வாற ஆற்றுக் கல் ஒண்டு தாருங்கோ." யாரோ கோயில் படியோரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார்கள். அதன்மேல் எவ்வளவு ஊற்றியும் அது தேமே என்று கிடந்தது. பாலாம்பிகையின் ஊறுகாய்தான் வீணாயிற்று. "ஜெராயிலே நான் ஏறின இடமெல்லாம் சுண்ணாம்புப் பாறையே கிடையாது. இந்த நீலப்பூவோ சுண்ணாம்புப் பாறை இல்லாட்டி முளைக்காது. இந்தப் பக்கத்திலே அப்பிடிச் சுண்ணாம்புக் குன்று எங்க இருக்குது?"

நடராஜாவின் விபூதி வியர்வையில் கரையத் தொடங்கியிருந்தது.

"பாலிங்கிலே" என்றார் துரைசிங்கம். "காதுகுத்து நல்லா நடந்ததோ, முதலாளி?"

"மச்சினன் வீட்டுக்குப் பின்னாலதாங்க குன்று..." என்று இழுத்தார் நடராஜா. "சும்மா கண்ணுல பட்டுச்சு. நீலமா இருந்துச்சு. முருகனே காட்டிக் கொடுத்தாருன்னு நினைச்சுட்டேன்."

கூட்டம் சிரித்ததில் காளிமுத்துவின் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. பரிவட்டம் கட்ட வசதியாக அவன் தலையைக் கூடக் கொஞ்சம் முன்னால் நீட்டிவிட்டான்.

"பொறும் தம்பி" என்றார் துரைசிங்கம். "உம்மட பானைச் செடியை மலாய்க்காரர் குரங்குக் கெண்டி எண்டு சொல்லுவினம். பூச்சி தின்னுற செடி. நல்ல செடிதான். ஆனால் இந்தக் குண்டுப் பானைச் சாதி சேறும் சதுப்பும் தேடுற சாதி. வேரைப் பாரும், கறுப்புச் சேறு, முடை நாற்றம். மாட்டுக்குப் புல்லறுக்கப் போற சதுப்பிலே பிடுங்கினீரோ?"

காளிமுத்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"ஏற ஏற அட்டை கூடினது எண்டீர். உச்சியிலே காத்தும் வெயிலும் வெறும் பாறையும். அட்டை அங்க என்னத்துக்கு வருது? நாலு பேர் கட்டிப் பிடிக்கிற மரம் எண்டீர். உச்சியிலே மண் ஏது? மரமெல்லாம் கூனிக் குறுகி ஆளின்ட இடுப்பளவுதான் நிக்கும். அந்த நிழலிலே ஒரு கோழி படுக்கலாம்."

"அப்ப ரெண்டு பயலும் ஏறலையா!" என்று கங்காணி தலையில் கை வைத்தார். "பரிவட்டம் யாருக்கும் கிடையாதா? சூடத்தை அடிச்சுட்டேனே ஐயா, சாமி குத்தம் ஆயிடுமே!"

"ஏறின ஆள் ஒண்டு இருக்குது."

தேவதாசனால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "கங்காணியே ஏறியிருக்கிறார் அண்ணை! ஒருவருக்கும் சொல்லாமல்!"

தோட்டம் முழுவதும் கங்காணியின் தொந்தியைப் பார்த்தது. பிறகு மலையைப் பார்த்தது. தேவதாசன் தம் கருத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

துரைசிங்கம் வேலிலிருந்த வெள்ளைப்பூக் கொத்தைக் காட்டினார். "இது உச்சித் தட்டுக் குடித்தனம். இந்தப் பக்கத்திலே பாறை உச்சியை விட்டால் வேறை எங்கேயும் நான் கண்டதில்லை. கட்டியிருக்கிறது ஒட்டுப்பாலிலே; ஆகவே பால்வெட்டுற கை. இப்ப ஒரு கேள்வி. உச்சியிலேயும் குரங்குக் கெண்டி இருக்குது. அது எப்பிடி இருக்கும்?"

"இதே மாதிரிதான்" என்றான் காளிமுத்து, விடாப்பிடியாக.

"அங்க அப்படி ஒண்ணும் இல்லவே இல்லை" என்றார் நடராஜா.

"மருதம்மாள், நீங்கள் சொல்லுங்கோ."

விளக்குமாறு நின்றது. "அவளுக்கு என்னங்க தெரியும்?" என்றார் கங்காணி. துரைசிங்கம் அவர் பக்கம் திரும்பவில்லை. சுருட்டு மட்டும் இடம் மாறியது.

மருதம்மாள் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "இருக்குதுங்க. இந்த மாதிரி குண்டா இல்ல. ஒல்லியா, நீட்டமா. கழுத்தைச் சுத்தி வெள்ளை நூலு கட்டினாப்புல ஒரு கோடு. எல்லாத்துக்கும் இருந்துச்சு. எங்கழுத்துல இல்லாதது இதுங்க கழுத்துல இருக்கேன்னு கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னேன்."

பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த அழகம்மாவின் கரண்டி நின்றது.

"தேவதாசன், துவாயை அவிழும்."

தேவதாசன் அவிழ்த்தார். காய்ந்த கெண்டி வெளியே வந்தது. கழுத்தில் வெள்ளை வளையம். அதை அவர் உயரப் பிடித்துக் காட்டியபோது அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலமும் இந்த வீட்டில் கொண்டை ஊசி வைத்திருந்த பாத்திரமா இது?

"மலை அளக்கப் போன அண்டைக்கு உச்சியிலே நான் பறிச்சது" என்றார் துரைசிங்கம். "இதைப் பாக்காமல் இதைச் சொல்ல வேண்டுமெண்டால் அங்க போயிருக்க வேணும். மரநிழலிலே தூங்கின கதைக்குத் தோட்டமே வாயைப் பிளந்தது. சிரிச்சது ஒரே ஒரு ஆள். கையிலே கிடக்கிற கீறல் உச்சியிலே நிக்கிற இடுப்பளவுக் கொம்பு கீறினது. பூனை இல்லைத் தம்பி."

"நேத்து வயித்து வலின்னு சொல்லி வேலைக்கு வராம இருந்தியே!" என்று கங்காணி மருதம்மாளைப் பார்த்துக் கத்தினார்.

"மலை ஏறி இறங்கினா வயிறும் வலிக்கத்தாங்க செய்யுது" என்றாள் மருதம்மாள். பிறகு அவளுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "பிரம்பு வெட்டறவங்க தடம் இருக்கு, அதைப் புடிச்சுப் போனேன். கீழ பூரா அட்டை. அப்புறம் பாசி மரம், நடுக்கற குளிரு. அப்புறம் மரமெல்லாம் குட்டையாகிக் குட்டையாகி, திடீர்னு வெளிச்சம். கடலு தெரிஞ்சுச்சுங்க! இந்தப் பூவுதான் அங்க நிறைய இருந்துச்சு. நாலு கொம்பு ஒடிச்சுக்கிட்டு வந்து சாமிக்கு வச்சேன்."

"எங்கிட்ட வந்து ஏன் சொல்லல?" என்றார் கங்காணி.

"நீங்க ஆம்பளைங்களத்தானே கூப்பிட்டீங்க? நான் பரிவட்டத்துக்குப் போகல. எங்க ரெண்டு பேரு கையால மெழுகின வீடு அது. அதை விட்டு என்னைக் கிளப்பாதேன்னு கேக்கப் போனேன். இங்க கேட்டா உங்க காதுல விழாது. அங்க போய்க் கேட்டா முருகன் காதுலயாச்சும் விழும்னுதான்."

கங்காணி பரிவட்டத்தைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார். பொம்பளைக்குப் பரிவட்டமா? அதுவும் தாலி இழந்தவளுக்கா? பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிகள் என்ன சொல்லுவார்கள்? அவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. கடைசியில் அவருடைய மனைவி அழகம்மா கரண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"சூடத்தை அடிச்சது யாரு?"

"நான்தான். ஆனா..."

"கட்டுங்க. இல்லாட்டிப் பொங்கலை இறக்க மாட்டேன். வீட்டுக்கும் வராதீங்க."

அம்மாசி கங்காணிக்கு முருகனிடம் பயம் உண்டு. அழகம்மாவிடம் அதைவிடப் பயம் உண்டு. மருதம்மாளின் தலையில் பரிவட்டத்தைச் சுற்றினார். அது ஒரு பக்கம் சரிந்து காதை மூடியது. பெண்கள் குலவை போட்ட சத்தத்தில் மாட்டுவண்டி மாடுகள் மிரண்டு ஓடப் பார்த்தன. காளிமுத்து அவற்றைப் பிடிக்கிற சாக்கில் அங்கிருந்து நழுவினான்.

"உன் வாக்கைக் கேளு" என்றார் கங்காணி. "வீடுதானே? வச்சுக்க."

மருதம்மாள் பரிவட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "வீடுன்னு வாயால சொன்னாப் போதாதுங்க. நாளைக்கு இன்னொருத்தரு வந்து காலின்னு சொல்லுவாரு. கதவுல என் பேரை எழுதணும்."

அப்படி ஒரு வழக்கம் அந்தத் தோட்டத்தில் இருந்ததே இல்லை. ஆனால் மறுக்க வழியும் இல்லை. பொங்கல் இன்னும் அடுப்பில்தான் இருந்தது.

கறுப்புச் சாயம் நடராஜாவின் கடையிலிருந்து வந்தது; அதை அவரே மோட்டாரில் போய் எடுத்து வந்தார். ஏறி நிற்கப் பெட்டியை, மாடுகளைக் கட்டிவிட்டுத் திரும்பிய காளிமுத்து பிடித்துக்கொண்டான். நிலப்படம் வரைந்து பழகிய துரைசிங்கத்தின் கைதான் எழுதுவதற்குத் தோதான கை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தேவதாசன் சாய டின்னைப் பிடித்தபடி நின்றார். கெண்டி கை மாறிக் கை மாறிப் போனதில் கழுத்து ஒடிந்து போயிருந்தது. அதைப் பாலாம்பிகையிடம் யார் சொல்வது என்ற கவலை அவருக்கு.

"அண்ணை, அப்ப குறிஞ்சி எங்கதான் இருக்குது?"

"இந்த மலையிலே கிடையாது தம்பி. அது இந்தியாவிலே இருக்கிற மலைகளின்ட பூ. நானும் கண்டதில்லை. நான் யாழ்ப்பாணத்தான், எங்கட ஊரிலே உச்சி எண்டால் பனைமரத்து உச்சிதான்." அவர் தூரிகையைத் தோய்த்தார். கதவில் பழைய பெயர் பாதி மங்கியிருந்தது. அதை அழிப்பதற்குத் துணியை எடுத்தார்.

"அவரு பேரை அழிக்காதீங்க" என்றாள் மருதம்மாள். "கீழ எழுதுங்க."

துரைசிங்கம் துணியைக் கீழே வைத்தார். சுருட்டை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வோர் எழுத்தாக, எல்லைக்கல் நடுகிற கவனத்தோடு எழுதினார்.

மருதம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் தள்ளி நின்று, சரிந்த பரிவட்டத்துக்குக் கீழிருந்து அந்த எழுத்துகளைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, ஈரத்தைத் தொடாமல் விரலால் ஓரம் ஓரமாக அளந்தாள்.

"இம்புட்டு நீளமாங்க என் பேரு?"

"ஓம். அவ்வளவும் உங்கட பேர்தான்."

"நல்லதுங்க" என்றாள் மருதம்மாள். "அழிக்க வர்றவனுக்குக் கை வலிக்கட்டும்."

அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். சாயம் காய்கிறவரை யாரும் தொடக்கூடாது என்று தேவதாசன் வாசலில் காவல் நின்றார்.